ஃபில்லட்டாக வந்தது எந்த மீன்? புரதப் பட்டைகளை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

தலை இல்லை, துடுப்பு இல்லை, செதில் இல்லை, தோலும் இல்லை. வெள்ளையாக ஒரு சதைத் துண்டு, மேலே ‘கொடுவா ஃபில்லட்’ என்று ஒரு ஸ்டிக்கர். அது கொடுவாதானா, இல்லை கொடுவா விலைக்கு விற்கிற பாசாவா என்று உங்களிடம் கேட்கிறார்கள். மீன்வளக் கல்லூரியில் முதுநிலை ஆய்வுத் தலைப்பாக வந்திருக்கலாம். மீன் பதப்படுத்தும் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உங்கள் தலையில் மேலாளர் கட்டிய வேலையாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எந்தக் கரைசலில் எது எவ்வளவு என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும். எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே பணம் கரையும், எந்த மாதத்தில் ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வோம் என்பதெல்லாம் அதில் இருக்காது. அவற்றைத் தட்டுத் தடுமாறித்தான் நான் தெரிந்துகொண்டேன். மற்றவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஜெல் ஓட்டுவது (மீன் சாற்றின் புரதங்களை ஜெல் தகட்டில் மின்சாரத்தால் இழுத்துப் பட்டைகளாகப் பிரிப்பது) சுலபமான பகுதி. சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதார மீன் அதே ஜெல்லில் பக்கத்துத் தடத்தில் ஓடவில்லை என்றால், பட்டைகள் எவ்வளவு அழகாக விழுந்தாலும் அவற்றால் பயன் இல்லை.

1. கேள்வியைக் குறுக்குங்கள்

‘இது என்ன மீன்?’ என்ற கேள்விக்குப் புரத ஜெல் பதில் சொல்லாது. ‘இது கொடுவாவா, பாசாவா, ஜிலேபியா?’ என்று கேட்டால் சொல்லும். ஜெல்லுக்குத் தெரிந்தது ஒப்பிடுவது மட்டும்தான். அதனால் முதல் வேலையை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், சந்தைக்குப் போங்கள். லேபிளில் சொன்ன மீனைவிட விலை குறைவாக, சதை அதே நிறத்தில், ஃபில்லட் போடும் அளவுக்குப் பெரிதாக என்னென்ன மீன் கிடைக்கிறது என்று பட்டியல் போடுங்கள். கொடுவாவுக்குப் போட்டால் பாசாவும் ஜிலேபிக் கெண்டையும் கட்டாயம் அதில் வரும்.

பட்டியலில் இருக்கும் மீன்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்து உறவு என்பதையும் இப்போதே பாருங்கள். பாசா கெளுத்தி வகை. கொடுவாவோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பட்டைகள் தெளிவாகவே வேறுபடும். ஆனால் வஞ்சிரத்தை எடுத்தால் கதை வேறு. ஸ்காம்பெரோமோரஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் கமர்சன், கட்டேட்டஸ், லீனியோலேட்டஸ் எல்லாமே நம் கரையில் ஏறுகின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கக் கூடுதல் கவனம் வேண்டும். சூரை இனங்களும் அப்படித்தான். முதல் தடவை செய்கிறவர் தூரத்து உறவு மீன்களில் தொடங்குவது நல்லது.

2. பச்சையா, வெந்ததா, அலசியதா?

எந்த முறையில் செய்வது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பலர் இதை யோசிக்காமல் தண்ணீரில் சாறு எடுத்துவிட்டு, பட்டையே வரவில்லை என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மீன் சதையின் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தண்ணீரில் கரையும். செல் சாற்றில் இருக்கும் நொதிகள், மையோகுளோபின், பார்வால்புமின் ஆகியவை இந்தக் கூட்டம். இனத்துக்கு இனம் நன்றாக வேறுபடுவது இவைதான். சுருங்கி விரியும் தசைநார்ப் புரதம்தான் அளவில் பெரும்பங்கு. ஆனால் அதற்கு உப்புக் கரைசல் வேண்டும், இன வேறுபாடும் அதில் குறைவு.

பச்சையாகவோ உறையவைத்தோ வந்த ஃபில்லட் என்றால், தண்ணீர்ச் சாறும் ஐ.இ.எஃப் முறையும் (சம மின்புள்ளிக் குவிப்பு; ஒவ்வொரு புரதமும் தன் மின்னூட்டம் சுழியாகும் பிஹெச் இடத்தில் போய் நிற்கும், அந்த இடம்தான் அதன் மின்புள்ளி) சரியான சேர்க்கை. பகுப்பாய்வு முறைகளை அங்கீகரிக்கும் ஏ.ஓ.ஏ.சி அமைப்பின் அதிகாரபூர்வ முறை 980.16 இதுதான். உங்கள் ஆய்வேட்டில் முறையை நியாயப்படுத்த இந்த எண் உதவும்.

வெந்த மீன், பொரித்த மீன் என்றால் தண்ணீரில் கரையும் புரதங்களில் பெரும்பாலானவை வெப்பத்தில் திரிந்து கெட்டிப்பட்டிருக்கும். எஸ்.டி.எஸ் (புரதத்தைக் கரைக்கும் சோப்பு போன்ற ரசாயனம்) அல்லது 8 மோலார் யூரியா போட்டுக் கரைக்க வேண்டும். இதில் ஒரு நல்ல விஷயம், பார்வால்புமின் வெப்பத்தைத் தாங்கும். 10 முதல் 12 கிலோடால்டன் எடையுள்ள சின்னப் புரதம் அது. மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு முதல் எதிரியும் அதுதான். சமைத்த மீனும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாததற்கு இந்த வெப்பத் தாங்கலே காரணம். ஒன்றை நினைவில் வையுங்கள்: வெள்ளைச் சதை மீன்களில்தான் பார்வால்புமின் நிறைய இருக்கும். சூரை போன்றவற்றில் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

சுரிமி, நண்டுக் குச்சி என்று விற்பவை எல்லாம் பலமுறை தண்ணீரில் அலசப்பட்டவை. நமக்கு வேண்டிய புரதம் அந்தத் தண்ணீரோடு போயிருக்கும். டப்பாவில் அடைத்த மீன் 115 டிகிரிக்கு மேல் வெந்தது, அதில் புரதமே சிதைந்திருக்கும். இந்த இரண்டையும் புரத முறையில் முயலவே வேண்டாம், நேராக டி.என்.ஏ.வுக்குப் போய்விடுங்கள்.

3. ஆதார மீனைச் சேர்ப்பது

நேரமும் கவனமும் அதிகம் கேட்பது இந்தப் படிதான். கடைக்காரர் ‘இது கொடுவா’ என்று சொல்லிக் கொடுத்த துண்டு ஆதாரம் ஆகாது. அது இன்னொரு சந்தேக மாதிரி. ஆதாரம் என்றால் முழு மீனாக நீங்கள் பார்த்து, அறிவியல் பெயரை உறுதிசெய்து, உங்கள் கண் எதிரில் வெட்டிய துண்டு.

முதலில் முழு மீனை அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, வாய், முதுகுத் துடுப்பு, வால். ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓவின் இன அடையாளத் தாள்களில் இருக்கும் திறவுகோலோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் வகைப்பாடு தெரிந்தவரிடம் படத்தை அனுப்பிக் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போனால் வேலை சுலபமாகும். வெறும் தொலைபேசி அழைப்பை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பதிவேட்டில் உள்ளூர்ப் பெயரை மட்டும் எழுதி வைக்காதீர்கள். சீலா என்றால் ஒரு ஊரில் வஞ்சிரம், இன்னொரு ஊரில் ஊளி. அறிவியல் பெயர், இறங்குதளம், தேதி, படகு வகை, நீளம், எடை, படத்தின் எண் ஆகிய ஏழும் ஒவ்வொரு மீனுக்கும் இருக்க வேண்டும்.

ஓர் இனத்துக்கு ஒரு மீன் போதாது. ஒரே இனத்துக்குள்ளும் சில பட்டைகள் மீனுக்கு மீன் மாறும், முக்கியமாகப் பார்வால்புமின் பகுதியில். குறைந்தது ஐந்து மீன், முடிந்தால் இரண்டு இறங்குதளங்களிலிருந்து. ஐந்திலும் மாறாமல் வருகிற பட்டைகள்தான் அந்த இனத்தின் அடையாளம்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. பெரிய வஞ்சிரத்தையோ கொடுவாவையோ முழுதாக வாங்கினால் ஆராய்ச்சிப் பணம் முழுக்க மீனுக்கே போய்விடும். காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் மீன் வெட்டிக் கொடுக்கும் இடத்தில் காலையிலேயே போய் நில்லுங்கள். வெட்டுகிற அக்காவிடமோ அண்ணனிடமோ முன்னாடியே சொல்லி வைத்து, வெட்டுவதற்கு முன் படம் எடுத்து, முதுகுப் பக்கத்திலிருந்து 50 கிராம் துண்டும் ஒரு சின்னத் துடுப்புத் துண்டும் கேளுங்கள். மீனை வாங்கியவர் அனுமதியும் வேண்டும், மறக்காதீர்கள். விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். சிலர் தங்கள் வீட்டுக்கு வருகிற மீனையும் சோதித்துச் சொல்லச் சொல்வார்கள். பாசா ஆதாரத்துக்குக் கவலை இல்லை. ஆந்திராவில் பெருமளவில் வளர்க்கிறார்கள், முழு மீனாகவே மலிவாகக் கிடைக்கும். பதிவேட்டில் பங்காசியனோடான் ஹைப்போஃப்தால்மஸ் என்று எழுதுங்கள்.

துடுப்புத் துண்டு பின்னால் டி.என்.ஏ.வுக்குத் தேவைப்படும். 95 சதவீத எத்தனாலில் போட்டு வையுங்கள். எத்தனாலை வெளிக்கடையில் வாங்கிவிட முடியாது. கல்லூரியின் உரிமக் கணக்கில்தான் வரும், கோரிக்கைக் கடிதம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.

சதைத் துண்டை அப்போதே ஐஸில் வைத்து, அன்றே சிறு சிறு பைகளாகப் பிரித்து உறையவையுங்கள். ஒரு பை, ஒரு சோதனை. ஒரே துண்டை உருக்கி உறையவைத்து, மறுபடி உருக்கினால் வடிகிற நீரோடு புரதமும் போய்விடும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர் இருந்தால் நல்லது. மைனஸ் 20 மட்டும்தான் என்றால் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

இனி நாள்காட்டி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் நீங்கள் தேடும் இனம் தேடும் அளவில் வருமா என்பது அதிர்ஷ்டம். ஜனவரி, பிப்ரவரியில் தலைப்பு உறுதியானால், ஜெல் கருவியைத் தொடுவதற்கு முன்பே, மார்ச் இறுதிக்குள் ஆதார மீன்களைச் சேர்த்து முடித்துவிடுங்கள். இன்னொரு பக்கம், சந்தையில் நல்ல மீன் குறைந்து விலை ஏறுவதும் இந்தத் தடைக்காலத்தில்தான். சந்தேக மாதிரிகளை வாங்க அது நல்ல சமயம்.

சுறா, திருக்கை ஃபில்லட்டில் இறங்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அவற்றில் சில இனங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளன. அப்படி ஓர் இனத்தின் துண்டு உங்கள் ஃப்ரீஸரில் இருப்பதே வம்பு. வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசி முடிக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

4. சந்தேக மாதிரியை வாங்குவது

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் ‘மீன்’ என்று மட்டும் போட்டிருந்தால் வகைப் பெயரோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். பாக்கெட் என்றால் இருபக்கமும் படம் எடுங்கள். லாட் எண், உறையவைத்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், சேர்மானப் பட்டியல் எல்லாம் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். சேர்மானத்தில் பாஸ்பேட்டோ உப்போ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அதன் வேலை தெரியும்.

ஆய்வகத்துக்கு வந்ததும் ஒரு குறியீட்டு எண் கொடுத்துப் பெயரை மறைத்துவிடுங்கள். ஜெல்லைப் படிக்கும்போது இது எந்தக் கடைத் துண்டு என்று தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். குறியீட்டுப் பட்டியலை நண்பர் ஒருவரிடம் கொடுத்து வைத்தால் போதும்.

உறைந்த துண்டைக் குழாய்த் தண்ணீரில் போட்டு உருக்காதீர்கள். பையோடு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு வையுங்கள். இல்லாவிட்டால் அரைகுறையாக உறைந்திருக்கும்போதே வெட்டிவிடுங்கள், அதுதான் வெட்டவும் சுலபம்.

5. சாறு எடுப்பது

வெள்ளைச் சதையை மட்டும் எடுங்கள். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி ஓடும் கருஞ்சதையில் மையோகுளோபின் அதிகம், பட்டைகளும் வேறு. ஆதாரத்தில் வெள்ளையும் மாதிரியில் கருப்பும் எடுத்தால் ஒரே மீனே இரண்டு மீன் போலத் தெரியும்.

5 கிராம் சதை, 10 மி.லி. ஐஸ் குளிர்ச்சியான வாலை வடிநீர். ஐஸ் தட்டில் வைத்தே அரைக்க வேண்டும், நுரை பொங்க அரைக்கக் கூடாது. குளிர் சென்ட்ரிஃப்யூஜில் 4 டிகிரியில், புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கில், 20 நிமிடம். மேலே நிற்கும் தெளிவான நீர்தான் உங்கள் சாறு. மேலே கொழுப்புப் படலம் இருந்தால் அதைத் தொடாமல் பிப்பெட்டை உள்ளே விட்டு எடுங்கள்.

இங்கே ஒரு பொறி. உப்புக் கரைசலிலோ பாஸ்பேட் தாங்கலிலோ சாறு எடுத்துவிட்டு ஐ.இ.எஃப் ஓட்டினால் பட்டைகள் அலை அலையாக வளையும். உப்புதான் காரணம். வெறும் தண்ணீர் போதும். மாதிரியே உப்பும் பாஸ்பேட்டும் ஏற்றிய ஃபில்லட் என்றால் டயாலிசிஸ் குழாயில் போட்டுக் குளிர்ந்த நீரில் சில மணி நேரம் வைத்து உப்பை வெளியேற்றுங்கள்.

பிராட்ஃபோர்டு முறையில் புரத அளவு பார்த்து, எல்லாச் சாறுகளையும் மி.லி.க்கு 5 மி.கி. என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். நேரமில்லை என்று இதை விட்டால் ஒரு தடம் கறுத்தும் இன்னொரு தடம் வெளுத்தும் வரும், ஒப்பிடவே முடியாது. எஸ்.டி.எஸ் கலந்த சாற்றுக்குப் பிராட்ஃபோர்டு சரிப்படாது, அதற்கு பி.சி.ஏ முறை.

வெந்த மீனுக்கு: மேல் மாவை முழுவதும் உரித்துவிடுங்கள். பொரித்தது என்றால் குளிர்ந்த அசிட்டோனில் அலசி எண்ணெயை எடுங்கள். 1 கிராமுக்கு 10 மி.லி. என்ற அளவில் 2 சதவீத எஸ்.டி.எஸ் கரைசலில் அரைத்து, சூடாக்கி, சுழற்றித் தெளிய வையுங்கள். மேல் மாவில் கோதுமையும் முட்டையும் இருக்கும், அவற்றின் புரதமும் பட்டையாக விழும். மாவை மட்டும் தனியாக எடுத்து அதையும் ஒரு தடத்தில் ஓட்டுங்கள். எந்தப் பட்டையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தெரியும்.

செலவில்லாத ஒரு உத்தி: பச்சை மீனின் தண்ணீர்ச் சாற்றை 80 டிகிரி நீர்த்தொட்டியில் 10 நிமிடம் வைத்துச் சுழற்றுங்கள். பாலாகத் திரிந்து மற்றவை அடியில் போய்விடும், மேலே பெரும்பாலும் பார்வால்புமின் நிற்கும். வெந்த மாதிரியோடு ஒப்பிட இது கைகொடுக்கும்.

சாறு எடுத்த அன்றே ஜெல் ஓட்டுவது உத்தமம்.

6. கருவி, ரசாயனம், செலவு

கிடைமட்ட ஐ.இ.எஃப் கருவி, குளிர்விப்பான், உயர் மின்னழுத்த மின்வழங்கி மூன்றும் சேர்ந்தால் லட்சக்கணக்கில் ஆகும். திட்டப் பணத்தில் வாங்க நினைக்காதீர்கள், எந்தத் துறையில் இருக்கிறது என்று தேடுங்கள். பல கல்லூரிகளில் உயிர்வேதியியல் துறை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அங்கே பயன்படுத்த இரு துறைத் தலைவர்களின் கையெழுத்து வேண்டும். கடிதத்தில் எந்தெந்தத் தேதி என்று எழுதுங்கள். ‘விரைவில்’ என்று எழுதிய கடிதம் மேசையிலேயே இருக்கும்.

தயாராக வார்த்த ஐ.இ.எஃப் ஜெல் வாங்கினால் வேலை மிச்சம். ஆனால் இறக்குமதி, விலையும் அதிகம், குளிர்ச்சியில் வர வேண்டும், காலாவதியும் சீக்கிரம். ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் ஆகும். மாதிரி கைக்கு வரும் முன் ஜெல் வந்து காலாவதியாகிப் போவதும் நடக்கும். நீங்களே வார்த்தால் செலவில் பெரும்பங்கு ஆம்ஃபோலைட் (ஜெல்லில் பிஹெச் ஏற்றத்தை உருவாக்கும் கலவை) புட்டிக்குத்தான். சின்னப் புட்டியாக வாங்குங்கள். ஜெல்லை உறையவைக்கும் அமோனியம் பெர்சல்ஃபேட்டை அன்றன்று கரையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து வைத்த புட்டி வீணாகிவிடும், அப்புறம் ஜெல் உறையாது. ஜெல்லின் மூலப்பொருளான அக்ரிலமைடு, உறையாத நிலையில் நரம்பு நஞ்சு. கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஐ.இ.எஃப் கருவி எங்கேயும் கிடைக்கவில்லையா? கொடுவா, பாசா மாதிரி தூரத்து இனங்களைப் பிரிக்க புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ்-பேஜ் மினி ஜெல்லே பெரும்பாலும் போதும். அந்தக் கருவி ஏறக்குறைய எல்லா உயிரியல் ஆய்வகத்திலும் இருக்கிறது. தண்ணீர்ச் சாற்றையே அதிலும் ஓட்டலாம். நெருங்கிய இனங்களுக்கு மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது.

7. ஜெல் ஓட்டுவது

தடங்களை முன்கூட்டியே தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஜெல்லிலும் எல்லா ஆதார இனங்களும் இருக்க வேண்டும், மின்புள்ளி முன்பே தெரிந்த அளவுப் புரதங்கள் இரு ஓரங்களிலும் இருக்க வேண்டும். ‘ஆதாரம் போன வாரத்து ஜெல்லில் இருக்கிறதே’ என்று தடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஜெல்லுக்கு ஜெல் பட்டை இடம் நகரும்.

பிஹெச் 3.5 முதல் 9.5 வரையுள்ள ஜெல்லுக்கு நேர்மின் பக்கத்துத் தாள் பட்டியை 1 மோலார் பாஸ்பாரிக் அமிலத்திலும், எதிர்மின் பக்கத்துப் பட்டியை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடிலும் நனைக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் அந்த ஜெல் குப்பைக்குத்தான். பட்டிகளை நனைத்த பின் வடிதாளில் ஒற்றுங்கள், சொட்டக் கூடாது. குளிர்த்தட்டுக்கும் ஜெல் தட்டுக்கும் நடுவில் மெல்லியதாக மண்ணெண்ணெய் தடவுவார்கள். நடுவில் காற்றுக் குமிழி மாட்டினால் அந்த இடம் சூடாகி ஜெல் பொசுங்கும்.

குளிர்விப்பான் 10 டிகிரி. 1500 வோல்ட், 30 வாட் உச்ச வரம்பு வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சாறு 10 மைக்ரோ லிட்டர், சின்னத் தாள் துண்டில். அரை மணி நேரம் கழித்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தாளை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நிறுத்தாமல் கையை உள்ளே விடுவது உயிருக்கு ஆபத்து. புதிதாக வருகிறவர்கள் முதல் முறை தனியாக இதைச் செய்யவே கூடாது.

மின்தடை வேளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் மின்சாரம் போனால் குவிந்த பட்டைகள் பரவிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு வந்த நாளில் ஓட்டாதீர்கள்.

எஸ்.டி.எஸ்-பேஜ் என்றால் 15 சதவீத ஜெல். மேல் அடுக்கில் 80 வோல்ட், பிறகு 120. நீலச் சாயம் அடியை எட்டும்போது நிறுத்துங்கள். தேநீர் குடிக்கப் போய்ச் சாயம் வெளியேறிவிட்டால் முதலில் தொலைவது பார்வால்புமின்தான். சின்னப் புரதம், சாயத்தோடு ஒட்டியே ஓடும்.

8. சாயம்

ஐ.இ.எஃப் ஜெல்லை நேராகக் கூமாசி நீலத்தில் போட்டால் ஜெல் முழுவதும் நீலமாகிவிடும். ஆம்ஃபோலைட்டும் சாயத்தைப் பிடிக்கும். முதலில் டி.சி.ஏ (ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம்), சல்ஃபோசாலிசிலிக் அமிலக் கலவையில் ஒரு மணி நேரம் வைத்துப் புரதத்தை நிலைநிறுத்தி ஆம்ஃபோலைட்டைக் கழுவ வேண்டும். அதன் பிறகே சாயம், பிறகு நிறம் நீக்குதல். நிறம் நீக்க ஓர் இரவு ஆகலாம். ஆக, சாறு எடுப்பதிலிருந்து படிக்கக்கூடிய ஜெல் வரை இரண்டு நாள் என்று கணக்கு வையுங்கள். ஜெல் ஈரமாக இருக்கும்போதே ஸ்கேனரில் படம் எடுத்துவிடுங்கள். கைபேசிப் படத்தில் ஓரங்கள் வளையும். பட்டை இடத்தை அளக்க அது உதவாது.

9. பட்டைகளைப் படிப்பது

முதலில் ஆதாரத் தடங்களை மட்டும் பாருங்கள். ஐந்து கொடுவாவும் தங்களுக்குள் ஒத்துப்போகிறதா? இல்லை என்றால் மாதிரித் தடத்தைப் பார்க்கவே வேண்டாம், ஜெல்லைத் திரும்ப ஓட்டுங்கள். ஒத்துப்போனால், மாறாத பட்டைகளின் மின்புள்ளிகளைக் குறியுங்கள். பிஹெச் 4 முதல் 5 வரையுள்ள பகுதியை உன்னிப்பாகப் பாருங்கள். பார்வால்புமின்கள் அங்கேதான் நிற்கும், பெரும்பாலும் கனமான பட்டைகளாக.

மாதிரியில் ஆதாரத்தின் மாறாப் பட்டைகள் எல்லாம் இருந்து, வேறு கனமான பட்டை எதுவும் இல்லை என்றால், ‘கொடுவா ஆதாரத்தோடு ஒத்துப்போகிறது’ என்று எழுதலாம். ‘கொடுவாவேதான்’ என்று எழுதக் கூடாது. உங்கள் பட்டியலில் இல்லாத வேறொரு மீனும் அதே கோலத்தில் வரலாம். எதிர்ப்பக்கம் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்: முக்கியப் பட்டைகள் இல்லை, பாசாவின் பட்டைகள் அப்படியே இருக்கின்றன என்றால் அது கொடுவா இல்லை.

இரண்டு மீனின் பட்டைகளும் கலந்து தெரிந்தால் கலப்படம் என்று குதிக்காதீர்கள். பக்கத்துத் தடத்துச் சாறு வழிந்திருக்கலாம். இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மங்கலான ஓரிரு கூடுதல் பட்டை, பழைய மீனில் புரதம் சிதைந்ததால் வந்திருக்கலாம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட மீன் கலைக்களஞ்சியத்தில் பல இனங்களின் ஐ.இ.எஃப் கோலங்கள் படமாக உள்ளன. பார்த்துப் பழக நல்லது. ஆனால் அவர்கள் ஜெல் வேறு, உங்கள் ஜெல் வேறு. அந்தப் படத்தை ஆதாரமாக வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

10. எப்போது டி.என்.ஏ.வுக்குப் போவது?

பட்டை எந்த ஆதாரத்தோடும் ஒத்துப்போகவில்லை, இனங்கள் மிக நெருக்கம், முடிவு ஒருவரின் வியாபாரத்தைப் பாதிக்கும் என்ற மூன்றில் எது இருந்தாலும் சி.ஓ.ஐ என்ற மரபணுவைப் படித்து இனம் காணும் குறியீட்டுச் சோதனைக்கு அனுப்புங்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லா மாதிரிகளையும் அனுப்பக் கட்டாது. ஜெல்லில் முதலில் வடிகட்டி, சந்தேகமானவற்றையும் ஓர் இனத்துக்கு ஓர் ஆதாரத்தையும் மட்டும் அனுப்பினால் செலவு அடங்கும். எத்தனாலில் போட்டு வைத்த துடுப்புத் துண்டு இப்போது பயன்படும்.

மால்டி-டாஃப் நிறைமானி பக்கத்தில் எங்காவது இருந்தால் அதையும் விசாரியுங்கள். ஜெல்லே வேண்டாம், அமிலம் கலந்த நீரில் எடுத்த சாறு ஒரு துளி போதும், சில நிமிடங்களில் புரதங்களின் நிறைக் கோலம் வந்துவிடும். பெரிய மருத்துவமனைகளின் நுண்ணுயிர் ஆய்வகங்களில் பாக்டீரியாவை அடையாளம் காண இதே கருவியைத்தான் வைத்திருக்கிறார்கள். இதற்கும் அதே கருவியில் ஓடிய ஆதார மீன் வேண்டும்.

11. புகார் கொடுக்கப் போகிறீர்களா?

உங்கள் கல்லூரி ஜெல் சட்டப்படி சான்று ஆகாது. அதை வைத்துக் கடையின் பெயரைப் பொதுவெளியில் போட்டால் சிக்கல் உங்களுக்குத்தான். முறையான வழி வேறு.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்குகிற யாரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் வாங்கிவிட்டுப் பிறகு போய் நிற்பவர்கள்தான் அதிகம். பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெற உரிமை உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. போகும் முன் மீன் இனச் சோதனை அங்கே செய்கிறார்களா, வேறெங்காவது அனுப்புவார்களா என்று கேளுங்கள். தனியார் ஆய்வகம் என்றால் அதன் என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரப் பட்டியலில் மீன் இனம் அறிதல் என்ற சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்; அங்கீகாரம் இருந்தும் இந்தச் சோதனை அதில் இல்லாத ஆய்வகங்கள் உண்டு.

இன்னொரு வழி, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார். அவர் மாதிரி எடுத்தால் நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிடுவார். ஒரு பகுதி பகுப்பாய்வாளருக்குப் போகும், பெற்ற 14 நாளுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். கேட்ட பொருளின் தன்மையில் இல்லாததை விற்றால் 50ஆம் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையும், லேபிளில் பொய் சொன்னால் 52ஆம் பிரிவில் 3 லட்சம் வரையும் அபராதத்துக்கு இடமுண்டு. உங்கள் ஜெல் படத்தைப் புகாரோடு இணைக்கலாம், அலுவலர் எந்தக் கடையில் எந்த லாட்டை எடுக்க வேண்டும் என்று முடிவெடுக்க உதவும். பில் நகல், பாக்கெட் படம், லாட் எண் மூன்றையும் சேர்த்து வையுங்கள். புகாரைக் கொடுத்ததும் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மீதித் துண்டை அறிக்கை வரும்வரை ஃப்ரீஸரிலிருந்து எடுக்காதீர்கள்.